எந்தக் கோழி யார் வீட்டுக்கு?

(தை மாதப் பொதுக்குழுக் கூட்டம் முடிந்ததும் சமுதாயக் கூடத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டதால், காலாண்டு மடலுக்காக எழுதித் தரும்படி செயலாளர் சொன்னார். பேசும்போது விட்டுப்போன சில விவரங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தமும் பேசி முடித்த களைப்பில் இருக்கிறீர்கள். இந்த நேரத்தில் கோழியைப் பற்றி ஒருவன் பேச வந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் கார்த்திகை மாதம் நம் வாட்ஸ்ஆப் குழுவில் மூன்று நாள் நடந்த சண்டை கோழியால்தான் வந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பி பிளாக்கில் நான்காம் வகுப்பு படிக்கும் ஒரு குழந்தை, கோயில் திருவிழாக் கடையில் நான்கு கோழிக்குஞ்சு வாங்கி வந்தாள். ஒன்று பச்சை, ஒன்று ரோஸ், இரண்டு மஞ்சள். அட்டைப்பெட்டியில் போட்டு பால்கனியில் வைத்தார்கள். இரண்டு நாளில் பச்சையும் ரோஸும் செத்துப்போயின. சத்தம் என்றார் ஒருவர், நாற்றம் என்றார் இன்னொருவர், சங்க விதி எண் என்ன என்று கேட்டார் மற்றொருவர். கடைசியில் மிச்சமிருந்த இரண்டையும் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். நான் வாரம் தவறாமல் ஊருக்குப் போகிறவன், ஊர் வீட்டில் கோழி இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் குழந்தை என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "தாத்தா, இது பெரிசாகி முட்டை போடுமா?"

போடாது என்று எனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும் என்பதில் தொடங்கி, ஊரில் வீடும் கொஞ்சம் இடமும் உள்ளவர்கள் எந்தக் கோழியை வாங்கலாம் என்பது வரை சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். நான் கால்நடை மருத்துவன் இல்லை. பி.காம் படித்துவிட்டு 36 வருடம் வங்கியில் எழுத்தராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு ஆறு வருடமாகக் கோழியோடு மல்லுக்கட்டி, மூன்று தடவை சரியாகத் தோற்றவன். அந்தத் தோல்விக் கணக்கைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்தச் சாயக் குஞ்சுகளைப் பற்றி. முட்டைக்காக வளர்க்கும் இனத்தில் குஞ்சு பொரித்த அன்றே ஆண், பெண் பிரித்துவிடுவார்கள். பெண் குஞ்சு பண்ணைக்குப் போகும். ஆண் குஞ்சு முட்டை போடாது. கறிக்கும் தேறாது, ஏனென்றால் கறிக்கோழி வேறு இனம். ஆகவே பொரிப்பகத்துக்கு அது வேண்டாத சரக்கு. திருவிழாவில் சாயம் ஏற்றி விற்பது பெரும்பாலும் இந்த ஆண் குஞ்சுகளைத்தான். பிறந்ததிலிருந்து சூடு கிடைக்காமல், தண்ணீர் கிடைக்காமல், சாயத் தண்ணீரில் முக்கி எடுத்த குஞ்சு எத்தனை நாள் தாங்கும்? அந்தக் குழந்தையின் மேல் ஒரு தப்பும் இல்லை.

கோழி என்றால் ஒரே கோழி என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. நான் தோற்றதும் இதில்தான்.

எங்கள் ஊர் மதுராந்தகம் பக்கம். ஓட்டு வீடு, பின்னால் 12 சென்ட் தோட்டம், ஒரு வேப்பமரம், இரண்டு முருங்கை, ஒரு மாட்டுக்கொட்டகை. மாடு இப்போது இல்லை. அம்மாவுக்கு 84 வயது. இங்கே வந்து இருங்கள் என்றால், "ஆறாவது மாடியில காலை எங்க வெக்கிறது" என்பார். ஆகவே வெள்ளிக்கிழமை நான் போய் திங்கட்கிழமை திரும்புகிறேன். மற்ற நாளில் அம்மாவும் கோழிகளும்தான். பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு வேளை எட்டிப் பார்ப்பாள்.

ஓய்வு பெற்ற புதிதில் எனக்கு ஓர் எண்ணம் வந்தது. அம்மா வைத்திருந்தது சின்ன நாட்டுக்கோழிகள். எங்கள் பக்கம் சிறுவிடை என்று சொல்லும் ரகம். ஒரு பெட்டை வருடத்துக்கு 60, மிஞ்சினால் 80 முட்டை. கடையில் விற்கும் வெள்ளை முட்டையைப் போடும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழியோ வருடத்துக்கு 300 முட்டை. நாலில் ஒரு பங்கு விளைச்சல் தரும் சொத்தை ஏன் வைத்திருக்க வேண்டும்? கணக்குப் படித்தவன் இப்படித்தானே யோசிப்பான்! ஒரு வியாபாரியிடம் பத்து வெள்ளைக் கோழி வாங்கினேன். ஒன்று 300 ரூபாய். "இன்னும் ஒரு வருஷம் முட்டை நிக்காது சார்" என்றார்.

கூண்டைத் திறந்ததும் அம்மா ஒரு கோழியைத் தூக்கி முகத்தைப் பார்த்தார். "ஏண்டா, மூக்கு அறுந்த கோழியை வாங்கியாந்திருக்கியே, இது எப்படிக் கிளறித் தின்னும்?" என்றார். அதுவரை நான் கவனிக்கவே இல்லை. பத்துக்கும் அலகு நுனி மழுங்கியிருந்தது. பண்ணையில் ஒன்றையொன்று கொத்தாமல் இருப்பதற்காகக் குஞ்சிலேயே அலகு நுனியை வெட்டிவிடுவார்கள். கூண்டில் தொட்டித் தீவனம் தின்ன அந்த அலகு போதும். மண்ணிலிருந்து கரையானைக் கொத்த முடியாது.

ஆக, முழுத் தீவனமும் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. முட்டைக்கோழி ஒன்று நாளைக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். வருடத்துக்கு 40 கிலோ. பத்துக் கோழிக்கு மாதம் 33 கிலோ. கிலோ 36 ரூபாய் என்று 1,188 ரூபாய். முதல் மாதம் கிடைத்த முட்டை 71. ஒரு முட்டை 16 ரூபாய் 73 காசு. அன்றைக்குக் கடையில் முட்டை ஆறு ரூபாய். கோழி விலையையும் என் பஸ் செலவையும் இதில் சேர்க்கவில்லை.

மூன்றாம் மாதம் இறகு உதிர்த்து, முட்டை அடியோடு நின்றது. ஊர்க் கால்நடை மருந்தகத்து டாக்டரிடம் காட்டினேன். "சார், இது ஒன்றரை வயசு தாண்டின கோழி. பண்ணையில ஓட்டம் முடிஞ்சு கழிச்சது" என்றார். பண்ணைகளில் ஏறத்தாழ 72 வாரம் வரை வைத்திருந்து, பிறகு கறிக்குத் தள்ளிவிடுவது வழக்கம். அப்படித் தள்ளியதைத்தான் நான் முட்டைக்கென்று வாங்கியிருக்கிறேன். அதற்குள் இரண்டைப் பருந்து தூக்கியிருந்தது, ஒன்றைக் கீரி. வெள்ளை நிறம், வேப்பமரத்து உச்சியிலிருந்து பார்த்தாலே பளிச்சென்று தெரியும். நிழல் விழுந்தால் ஓட வேண்டும் என்று அந்தக் கோழிகளுக்குத் தெரியவில்லை. கூரைக்குக் கீழே கூண்டில் வாழ்ந்தவை, ஆகாயத்தையே பார்த்ததில்லை.

அந்த இனம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. நாமக்கல்லிலிருந்து நம் எல்லோர் வீட்டுக்கும் முட்டை வருவது அந்த இனத்தால்தான். அதற்கான இடத்தில், அதற்கான தீவனத்தில் அது சொன்ன எண்ணிக்கையைத் தரும். எங்கள் வேப்பமரத்தடி அதற்கான இடம் இல்லை. 300 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, அந்த எண் எந்த நிபந்தனையில் கிடைக்கிறது என்று நான் பார்க்கவில்லை. கடன் பத்திரத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு 36 வருடம் சொன்னவன் நான்.

இரண்டாவது தோல்வியைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. முட்டையில் தோற்றதும் கம்பீரத்தில் இறங்கினேன். "ஆடுகளம்" படம் பார்த்தவர்களுக்குச் சண்டைச் சேவல் எப்படியிருக்கும் என்று தெரியும். அசில் என்று பெயர். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்த இனம். நீண்ட கழுத்து, நிமிர்ந்த மார்பு, கெட்டிக் கால். அந்த ரத்தம் கலந்த சேவல் ஒன்றை வாங்கி விட்டேன். பருந்து கிட்டே வராது, குஞ்சுகள் உடம்பாக வரும் என்று எண்ணம். இரண்டும் நடக்கவும் செய்தது.

ஆனால் அது அம்மாவை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடையில் இருந்த பெட்டைக்குத் தண்ணீர் வைக்க அம்மா குனிந்தபோது, பின்னாலிருந்து எகிறி உதைத்தது. கால்முள் ஆடுசதையில் இறங்கிவிட்டது. சர்க்கரை உள்ள உடம்பு. சின்னக் காயம்தான் என்று மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு, என்னிடம் தொலைபேசியில் சொல்லவே இல்லை. வெள்ளிக்கிழமை நான் போனபோது கால் வீங்கியிருந்தது. ஆற ஐம்பது நாள் ஆயிற்று. அந்த ஐம்பது நாளும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டுப் போட அழைத்துப்போனேன். அம்மா சேவலைத் திட்டவில்லை. "அது சாதி அப்படி, அது என்ன பண்ணும்" என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்தச் சேவல் இப்போது தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் சித்தப்பா மகனிடம் இருக்கிறது. அவனுக்கு 40 வயது, திடகாத்திரமான ஆள். ஐந்து ஏக்கர் தோப்பில் அது ராஜா மாதிரி திரிகிறது. அதே சேவல்தான். வீடு மாறியதும் குறை போய்விட்டது. (இங்கே ஒரு வார்த்தை: இந்தச் சேவலைச் சண்டைக்கு விடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வளர்ப்பதில் தடை இல்லை.)

மூன்றாவதுதான் பெரிய நஷ்டம். கருங்கோழி, அதாவது கடக்நாத், மிகவும் பேசப்பட்ட சமயம் அது. மத்தியப் பிரதேசத்து ஜாபுவா மாவட்டத்து இனம். 2018-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இறகு, கொண்டை, கால், நாக்கு, உள்ளே கறி எல்லாம் கறுப்பு. முட்டை மட்டும் கறுப்பு இல்லை, வெளிறிய பழுப்பு. கறுப்பு முட்டை கிடைக்குமா என்று நம் குடியிருப்பிலேயே இருவர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். கிடைக்காது. வாரச் சந்தையில் கருங்கோழி என்று சொல்லி நான்கை விற்றார்கள். வாங்கி வந்து அன்று சாயங்காலமே அம்மாவின் கோழிகளோடு ஒரே கூட்டில் அடைத்தேன்.

ஐந்தாம் நாள் ஒன்று தலையைத் தொங்கப்போட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். எட்டாம் நாள் மூன்று. வெள்ளைக்கழிச்சல் என்று ஊரில் சொல்லும் ராணிக்கெட் நோய். சந்தைக் கோழி அதைச் சுமந்து வந்திருக்கிறது. அம்மாவிடம் அப்போது பெரிதும் சிறிதுமாக 17 உருப்படி. பன்னிரண்டு நாளில் 14 போய்விட்டன. வாங்கிய நான்கும் போயின. அவற்றில் ஒன்றின் நாக்கைத் திறந்து பார்த்தேன். சிவப்பு. அது கருங்கோழியே இல்லை, கறுப்பு இறகுள்ள கலப்பு.

பதினான்கு கோழியின் விலை பெரிய தொகை இல்லை. ஆனால் அந்தக் கோழிகள் எங்கிருந்து வந்தவை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அம்மா கல்யாணமாகி வந்தபோது என் பாட்டி, அதாவது அவருடைய மாமியார், வைத்திருந்த கோழியின் வழி அது. முட்டை வைத்து, பொரித்து, அதன் குஞ்சு, குஞ்சின் குஞ்சு என்று அறுபது வருடத்துக்கும் மேல் அதே வீட்டில் வந்த வழி. இடையில் ஊரில் மாற்றுச் சேவல் வாங்கியதுண்டு, பெட்டை வெளியிலிருந்து வந்ததே இல்லையாம். அந்த வேப்பமரம், அந்தக் கீரி, அந்த மழை, அந்த வெயில் எல்லாவற்றுக்கும் பழகிப் பிழைத்த வழி. எந்தப் பண்ணையிலும் விலைக்குக் கிடைக்காது. ஒரு வாரம் அம்மா காலையில் கூட்டைத் திறக்கப் போகவில்லை. திறக்க என்ன இருக்கிறது என்று கேட்டார்.

மிஞ்சியது மூன்று. இரண்டு பெட்டை, ஒரு விடலைச் சேவல். அந்த மூன்றிலிருந்துதான் இப்போதுள்ள 19 கோழியும் வந்தன. எப்படி வந்தன என்பதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

சிறுவிடைப் பெட்டை ஒரு சுற்று முட்டை போடும். பிறகு முட்டையை நிறுத்திவிட்டு அடையில் உட்காரும். அம்மா கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, ஓரத்தில் ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் வைத்து, முட்டையை அடுக்குவார். இடி இடித்தால் கூமுட்டையாகாமல் இருக்க என்பார். இரும்பைப் பற்றி நான் வாதம் செய்வதில்லை. 21 நாள் அந்தப் பெட்டை ஒரு வேளை தின்றுவிட்டு ஓடிவந்து உட்காரும். மின்சாரம் வேண்டாம், பொரிப்பான் வேண்டாம். பிறகு இரண்டு மாதம் குஞ்சுகளை மேய்க்கும். எதைத் தின்ன வேண்டும், பருந்து வட்டமிட்டால் எந்தச் சத்தத்துக்கு எங்கே ஒளிய வேண்டும், எல்லாம் கற்றுத்தரும். பிறகு மறுபடி முட்டை. வருடத்துக்கு மூன்று நான்கு சுற்று.

வருடத்துக்கு 60 முட்டைதான் என்று நான் குறைவாக எழுதியது ஏன் என்று இப்போது புரிகிறதா? மற்ற நாளில் அது சும்மா இருக்கவில்லை. அடைகாத்தது, குஞ்சு வளர்த்தது. நிறைய முட்டை போடும் இனங்களில் இந்த அடை உட்காரும் குணத்தைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து நீக்கியிருக்கிறார்கள். அடை உட்காராததால்தான் அது தொடர்ந்து முட்டை போடுகிறது. ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்று. எங்கள் பாஷையில் சொன்னால், முட்டைக்கோழி வருடா வருடம் தேய்மானம் எழுத வேண்டிய இயந்திரம். தேய்ந்ததும் புதிதாக வாங்க வேண்டும். அடைக்கோழி தன் முதலைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வைப்பு. 84 வயது அம்மாவுக்கு, தீவனக் கடை ஆறு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊரில், எது பொருந்தும்?

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். நம் குடியிருப்பில் என்னைப் போல ஊரில் வீடு உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சிலர் ஓய்வுக்குப் பின் போய் இருக்கலாம் என்றும் எண்ணுகிறீர்கள். ஒவ்வொரு ரகமாகச் சொல்கிறேன்.

வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், மேயத் தோட்டம் இருக்கிறது, தீவனச் செலவு அதிகம் வேண்டாம், முட்டை இருக்கிற வரைக்கும் போதும் என்றால் உங்கள் ஊரிலேயே கிடைக்கும் சிறுவிடை. அக்கம்பக்கத்தில் நன்றாக அடை உட்காரும் பெட்டை யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, அதன் குஞ்சை வாங்குங்கள். காலையில் ஒரு பிடி கம்பு அல்லது குருணை, சாயங்காலம் கூட்டுக்கு வர இன்னொரு பிடி. தண்ணீர் மட்டும் எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும். கழுத்தில் இறகில்லாத கோழியும் சில ஊர்களில் உண்டு. பார்க்க அழகில்லை என்று ஒதுக்க வேண்டாம். உடம்புச் சூடு எளிதில் வெளியேறுவதால் நம் கோடைக்கு நன்றாகத் தாங்கும்.

உடம்பில் வலு உள்ள ஆள் தினமும் இருக்கிறார், இடம் பெரியது, கறிக்கும் வேண்டும் என்றால் பெருவிடை, அசில் வகை. வளர நாளாகும், முட்டை மிகக் குறைவு. சின்னக் குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் அந்தச் சேவல் வேண்டாம். இரண்டு சேவலை ஒன்றாக விடவே கூடாது.

வீட்டுச் செலவுக்கு ஒழுங்காக முட்டை வேண்டும், தினமும் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு என்றால், புழக்கடைக்கென்றே அரசு நிறுவனங்கள் உருவாக்கிய ரகங்கள் இருக்கின்றன. ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியவை வனராஜாவும் கிராமப்ரியாவும். கிராமப்ரியா முட்டைக்கு, புழக்கடையிலேயே வருடத்துக்கு 160 முதல் 180 வரை போடக்கூடியது. வனராஜா முட்டைக்கும் கறிக்கும் சேர்த்து, நூற்றுச் சொச்சம் முட்டை. வனராஜாவுக்குப் பல நிற இறகு, நீளக் கால். தோட்டத்தில் மறையவும் ஓடவும் உதவும். நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழியும் உண்டு. சென்னை நந்தனத்தில் இருந்த கோழி ஆராய்ச்சி நிலையத்தில் உருவானதால் அந்தப் பெயர்.

இவற்றில் மூன்று விஷயம் நினைவில் வையுங்கள். ஒன்று, முதல் ஐந்தாறு வாரம் குஞ்சுக்கு நீங்கள்தான் தாய். பல்பு போட்டுச் சூடு கொடுத்து, குஞ்சுத் தீவனம் போட்டு வளர்த்த பிறகுதான் வெளியே விட வேண்டும். இரண்டு, அடை உட்காரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூன்று, இவை கலப்பில் வந்தவை என்பதால், இவற்றின் முட்டையைப் பொரித்தால் வரும் குஞ்சு தாயைப் போல முட்டை போடாது. ஒவ்வொரு முறையும் புதுக் குஞ்சு வாங்க வேண்டும்.

கருங்கோழி ஆசை உள்ளவர்கள் கொண்டையையும் காலையும் மட்டும் பார்க்காமல் வாயைத் திறந்து நாக்கையும் பாருங்கள். வாங்கியே ஆக வேண்டுமா என்று அதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள்.

இன்னும் ஒன்று. "நாங்களே குஞ்சு தருகிறோம், நாங்களே திருப்பி வாங்கிக்கொள்கிறோம், மாதம் இவ்வளவு உங்கள் கணக்கில் விழும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2012-இல் கொங்குப் பக்கத்தில் ஈமுக் கோழியை வைத்து நடந்தது நினைவிருக்கும். ஓய்வூதியப் பணத்தைக் கொண்டுபோய்ப் போட்டவர்கள் எத்தனையோ பேர். பறவை எதுவாக இருந்தாலும் சரி, விற்கச் சந்தை இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

எந்த ரகம் என்றாலும் இரண்டு காரியம் பொது. வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து கிடையாது, தடுப்பூசிதான். ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டு வாரம் வாக்கில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் இதற்கென்றே இருவார முகாம் நடத்துகிறது, பெரும்பாலும் பிப்ரவரியில். ஊரில் சொல்லி வையுங்கள். நாட்டுக்கோழிக்கு நோயே வராது என்று பேசிக்கொள்வதை நம்ப வேண்டாம். எங்கள் வீட்டில் செத்த 14-ம் நாட்டுக்கோழிதான். இரண்டாவது, வெளியிலிருந்து வரும் கோழியை மூன்று வாரமாவது தனியாக வைத்துப் பாருங்கள். தண்ணீர்ச் சட்டியும் தனி. இந்த மூன்று வாரத்தைக் காத்திருக்காததுதான் நான் செய்த தப்பு.

"சார், ஊரில் வீடு இல்லை, மொட்டை மாடியில் நாலு வளர்க்கலாமா?" என்று கேட்டார் டி பிளாக் நண்பர். சங்க விதி ஒரு பக்கம் இருக்கட்டும். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சுக்குத்தான் தேவை. ஆகவே விடியற்காலைக் கூவல் இல்லாமல் வளர்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் சித்திரை வெயிலில் அந்தத் தளத்தில் நாம் வெறுங்காலோடு நிற்க முடியுமா? கிளற மண்ணும் ஒதுங்க நிழலும் இல்லாத இடத்தில் எந்த ரகமும் சரிப்படாது. வேண்டாம் என்பதே என் கருத்து.

அப்படியானால் கடையில் வாங்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். முட்டை ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் வருவது. பழுப்பாக இருப்பதால் சத்து அதிகம் இல்லை, நாட்டுக்கோழி முட்டை என்றும் அர்த்தமில்லை. கூண்டில் வளரும் பழுப்பு முட்டை இனங்களும் உண்டு. எங்கள் அம்மாவின் கோழி முட்டை வெளிறிய நிறத்தில், கடை முட்டையை விடச் சிறியதாக இருக்கும். பெரிதாக, ஒரே அளவாக, நல்ல பழுப்பாக முப்பது முட்டையை அடுக்கி நாட்டுக்கோழி முட்டை என்று இரட்டை விலை சொன்னால், கொஞ்சம் யோசித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

கடைசியாக, அந்த இரண்டு மஞ்சள் குஞ்சுகள். ஊருக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். அடைக்கோழியோடு விட்டுப் பார்த்தார், அது சேர்க்கவில்லை, கொத்தியது. பஞ்சாரத்துக்குள் பல்பு போட்டு அம்மாவே வளர்த்தார். சாயம் போய் வெள்ளை இறகு வந்தது. இரண்டும் சேவல்தான். பொங்கலுக்கு முந்தின வாரம் ஒன்றைப் பருந்து தூக்கிவிட்டது. மற்றவை எல்லாம் முருங்கைக்குக் கீழே ஓடிவிட்டன, இது நடு முற்றத்தில் நின்றுகொண்டிருந்ததாம்.

இந்தப் பேச்சுக்கு வருவதற்கு முன் பி பிளாக்குக்குப் போய் அந்தக் குழந்தையிடம் சொல்லிவிட்டேன். பிறர் சொல்லித் தெரிய வேண்டாம் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அது மட்டும் ஏன் தாத்தா ஓடலை?" என்று கேட்டாள்.

"மத்ததுக்கெல்லாம் அவங்க அம்மா சொல்லிக் குடுத்திருக்கும்மா. இதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை" என்றேன்.

மிச்சமிருக்கும் ஒன்று நன்றாக இருக்கிறது. தொண்டை உடைந்து, கூவக் கற்றுக்கொள்கிறது. முட்டை போடாது, அடை காக்காது. ஆனாலும் அம்மா அதற்கும் ஒரு பிடி குருணை போடுகிறார். கோடை விடுமுறையில் அந்தக் குழந்தையையும், வர விரும்பும் மற்றப் பிள்ளைகளையும் ஒரு நாள் ஊருக்கு அழைத்துப்போகலாம் என்றிருக்கிறேன். பெற்றோர் சம்மதம் இருந்தால் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஒரு வேன் பேசிவிடலாம்.

கோழி வாங்க நினைப்பவர்கள் வருடத்துக்கு எத்தனை முட்டை என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். அந்த வீட்டில் தினமும் கூட்டைத் திறந்து மூடப்போகிறவர் யார், அவரால் என்ன முடியும், அங்கே மேலே என்ன பறக்கிறது, கீழே என்ன மேய்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். இனம் எது என்பது அதிலேயே பாதி முடிவாகிவிடும். சந்தேகம் இருந்தால் செவ்வாய் முதல் வியாழன் வரை சி பிளாக்கில் இருப்பேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸைப் பிடித்துவிடுவேன்.